வேலம்மாவைத் தெரிந்த காகங்கள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக் கொடியேற்றி உட்கார்ந்திருந்த காலத்தில், அந்த ஊர்க் காகங்கள் அத்தனைக்கும் ஒரு பெண்ணின் முகம் மனப்பாடம். கோட்டைத் துரையின் முகம்கூட அவற்றுக்கு அவ்வளவு தெரியாது. துரைக்குத் தொப்பி மாறும், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை துரையே மாறிவிடுவார். வேலம்மா மாறமாட்டாள். தோணிரேவுக் குப்பத்திலிருந்து விடியும்போதே நடந்து வந்து, கையில் மூங்கில் கழியும் வாயில் அதட்டலுமாகக் கோட்டைக்குத் தெற்கே இருந்த சலவைத் திடலில் நிற்பாள். காகம் ஓட்டுவதுதான் அவளுக்கு வேலை.

சிரிக்க வேண்டாம், பெரிய வேலைதான் அது. சுற்றுவட்டாரத்துத் தறிகளிலிருந்து வரும் துணியையெல்லாம் வண்ணார்கள் வெளுத்து அந்தத் திடலின் புல்லில் விரித்துப் போடுவார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. ஏரிச் சேற்றில் நண்டு தேடிவிட்டு வரும் காகத்துக்குக் கால் துடைத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாக நடந்து பார்க்கும். நடந்த தடம் அப்படியே நிற்கும். எச்சம் வேறு. கப்பலேற வேண்டிய துணி மறுபடியும் வண்ணார் தலையில் ஏறும்.

துரைக்குக் காகம் என்றாலே ஆகாது. ஏரியில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும் மாதங்களில் மட்டும் கோட்டைச் சுவரில் ஏறி நின்று வாய் பிளந்து பார்ப்பார். பூநாரை அழகுதான், யார் இல்லை என்றது? வரும், நிற்கும், தின்னும், போய்விடும். நம்மை ஏறெடுத்தும் பார்க்காது. காகம் பாவம், கூடவே கிடக்கிறது. கூடவே கிடக்கிறவர்களுக்குத்தான் எப்போதும் திட்டு விழுகிறது.

ஊரிலும் அதன் மேல் ஆளுக்கொரு வழக்கு இருந்தது. கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு அது திருடன். கோட்டைக்குள் இருந்த துரைசானிக்கு அதன் குரல் விடிகாலைத் தூக்கத்தைக் கெடுத்தது. தலையில் தட்டிவிட்டால் சனி பிடித்துவிட்டதென்று எண்ணெய் தேய்த்து முழுகுகிறவர்கள் இருந்தார்கள். அரைகுறையாக உடம்பை நனைத்துக்கொண்டு வந்தால் காக்காய்க் குளியல் என்கிறோம். ஏரிக்கரையில் காகம் இறகு இறகாகக் கோதிக் குளிப்பதை ஒரு தரமாவது நின்று பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் அமாவாசை வந்துவிட்டால் இத்தனை பேரும் இலையில் சோற்றை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார்கள். அன்றைக்கு ஒரு நாள் அது திருடனும் இல்லை, சனியும் இல்லை. அப்பா, அம்மா, பாட்டன்.

வேலம்மா அந்த வேலைக்கு வந்தது காகத்தின் மேலிருந்த கோபத்தால் அல்ல. திடலில் நின்றால் முகத்துவாரம் தெரியும். முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போடும் கப்பல் தெரியும். அவள் புருஷன் லோகநாதன் மூன்று வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு கப்பலில் ஏறித்தான் போனான். கடலுக்கு அப்பால் ஒல்லாந்தருக்குப் பத்தாவி என்று ஒரு பட்டணம் இருந்தது. பாய்மரம் ஏற ஆள் வேண்டுமென்று குப்பங்களில் பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போனார்கள்.

"ஒரே ஒரு நடை. அடுத்த தைக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கட்டுமரத்தில் போய்விட்டு உச்சி வேளைக்குள் திரும்பாவிட்டால் பசியில் முகம் சிவந்துபோகிற ஆள் அவன். சோறு இறக்கத் தாமதமானால் பானையைச் சுற்றிச் சுற்றி வருவான். "கப்பல்ல நேரத்துக்குச் சோறு போடுவாங்களா?" என்றுதான் வேலம்மா கேட்டாள். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம் என்று அப்புறம் ஆயிரம் கேள்வி வந்தது.

அடுத்த தை வந்தது. அதற்கடுத்த தையும் வந்தது. கோட்டையில் துபாசியாக இருந்த தானியேல் நல்ல மனிதர்; ஒல்லாந்து பாஷையும் தமிழும் தெலுங்கும் அவர் நாக்கில் மாறி மாறிப் புரளும். "கப்பல் வரும்போதெல்லாம் கேக்கறேன், வேலம்மா. நீ இங்கியே இரு" என்று அவர்தான் காகம் ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்தார். அதனால் ஒரு கப்பலையும் தவறவிடக் கூடாதென்று அவள் அந்தத் திடலிலேயே வேரோடிப் போனாள். கப்பல் தெரியாத நாட்களில் அந்த ஏக்கத்தையெல்லாம் காகத்தின் மேல் காட்டினாள். கழி வீசினால் குறி தப்பாது. கோட்டைக் காகம் வேறு, குப்பத்துக் காகம் வேறு இல்லை. காலையில் திடலில் அடி வாங்கினதுதான் மத்தியானம் குப்பத்துப் பூவரச மரத்தில் வந்து உட்காரும். அவள் தலை தெரிந்தால் மரமே எச்சரிக்கையாகக் கத்தும்.

மூன்றாவது வருஷம் புரட்டாசி பிறந்ததும், லோகநாதனின் தம்பி பூபதி வந்து தயங்கித் தயங்கி நின்றான். கூடவே குப்பத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவரான நாட்டார் ஆதிநாராயணனும் வந்திருந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது" என்றான் பூபதி. "பெரிய அமாவாசை வருது. அண்ணன் பேருக்குச் சோறு வெச்சிப் பாத்துடலாம்னு நாட்டாரு சொல்றாரு."

தோணிரேவில் அது பழைய வழக்கம். கடலுக்குப் போனவன் மூன்று புரட்டாசி ஆகியும் வரவில்லை என்றால், பெரிய அமாவாசையன்று அவன் பேரைச் சொல்லிக் கரையில் இலை போடுவார்கள். தம்பியோ மகனோ சோறு வைக்க, பெண்சாதி தண்ணீர்ச் செம்போடு இலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். காகம் இறங்கி எடுத்தால் ஆள் இல்லை. அந்தச் சாயங்காலமே தாலி இறங்கும். வெயில் சாயும்வரை எடுக்காவிட்டால் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறான்.

"நான் வெக்க மாட்டேன்" என்றாள் வேலம்மா.

"இந்தா பாரும்மா" என்றார் நாட்டார். அவர் குரலில் அதட்டல் இல்லை. "கீறான்னா நல்லது. ஒருவேளை இல்லேன்னு வெச்சிக்கோ. மூணு வருசமா அவனுக்கு ஒரு உருண்டை சோறு யாரு போட்டா? எந்தக் கரையில பசியோட நிக்கிறானோ."

செத்துப் போயிருப்பான் என்று யாராவது சொன்னால் வாயை மூடிவிட அவளுக்குத் தெரியும். பசியோடு நிற்கிறான் என்றால் என்ன செய்வாள்? சோறு வைத்தால் தன் வாயாலேயே அவன் செத்தான் என்று சொன்னதாகிறது. வைக்காவிட்டால், செத்திருந்தால், பட்டினி போட்டதாகிறது. இரண்டு நாள் தூங்காமல் புரண்டுவிட்டுச் சம்மதித்தாள்.

அமாவாசையன்று குப்பமே கரைக்கு வந்துவிட்டது. பூவரச மரம் கொள்ளாமல் காகங்கள். பூபதி இலையை விரித்துச் சோறும் மடவை மீன் குழம்பும் வைத்தான். வேலம்மா செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "கா... கா..." என்று பூபதி கூப்பிட்டான், நாட்டார் கூப்பிட்டார், ஊரே கூப்பிட்டது. ஒரு காகம்கூட அசையவில்லை. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. வெயில் உச்சிக்கு வந்து, இறங்கி, ஏரியின் மேற்குக் கரைக்குப் போயிற்று. சோறு காய்ந்தது.

"லோகநாதன் கீறான்டா!" என்று நாட்டார் துண்டைச் சுழற்றியதும் பெண்கள் குலவையிட்டார்கள். பூபதி சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். வேலம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று ராத்திரி மூன்று வருஷத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள். அவன் சாப்பாட்டுத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில் திடலுக்குப் போனாள். சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்கள் அவளைக் கண்டதும் கழுத்தைச் சாய்த்தன. அவள் முகத்தைப் பார்த்தன, பிறகு வலது கையைப் பார்த்தன. கையில் கழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற பார்வை அது. நேற்று பூவரச மரத்திலிருந்து பார்த்ததும் இதே பார்வைதான். நேற்று அவள் வலது கையில் செம்பு இருந்தது. பித்தளைச் செம்பு வெயிலில் மின்னியிருக்கும். எறிவதற்கு என்னவோ வைத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கும்.

காகங்கள் லோகநாதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பயந்து இறங்காமல் இருந்தன, அவ்வளவுதான். ஊரில் வேறு யாருக்கும் இது தோன்றாது, ஏனென்றால் வேறு யாரும் நாள் முழுக்கக் காகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஒருவேளை அவன் செத்திருந்து, நேற்று பசியோடு வந்து, அவள் நிற்பதைக் கண்டே எட்ட இருந்து திரும்பிப் போயிருந்தால்? அங்கேயே புல்லில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எட்டுத் துணி பாழாயிற்று.

அதற்கப்புறம் அவள் காகங்களைச் சரிக்கட்டப் பார்த்தாள். முதலில் புடவையை மாற்றிக் கட்டினாள், முக்காடு போட்டுப் பார்த்தாள். மனிதர்களை ஏமாற்றலாம், காகம் முக்காட்டுக்குள்ளேயே ஆளைக் கண்டுபிடித்துக் கத்தியது. பிறகு சாயங்காலம் மீன் கழுவுகிற இடத்தில் குடலும் செவுளுமாக அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் ஒரே இடத்தில் போட ஆரம்பித்தாள். அவள் நிற்கும்வரை ஒன்றும் வராது. போனபிறகு வந்து தின்னும். பதினைந்து நாள் ஓடியது. காலையில் கழியால் விரட்டிவிட்டு மாலையில் கூப்பிட்டால் யார்தான் நம்புவார்கள்? அவள் காலையிலும் கழியை வீசுவதை விட்டாள். வெறும் வாயால் மட்டும் ஒப்புக்கு அதட்டினாள்.

கார்த்திகை மழை நாள் ஒன்றில், கால்விரல் கோணலான ஒரு காகம் நாலு முழம் தள்ளி வந்து இறங்கியது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. அது குடலைத் தொடுவதற்கு முன்னால் மரத்தைப் பார்த்துக் கத்தி மற்றதையெல்லாம் அழைத்தது. பசியோடு வந்தது, சாப்பாட்டைக் கண்டும் முதலில் தின்னாமல் கூப்பிடுகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாகப் பார்த்தும் இதைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் துணியில் விழுந்த தடத்தைத்தான்.

தை மாதம் கோட்டைச் சிப்பாய் ஒருவன் காகம் ஒன்றைச் சுட்டுக் கம்பத்தில் தலைகீழாகக் கட்டினான். மற்றவை பயந்து ஓடும் என்று கணக்கு. ஓடவில்லை. எங்கெங்கிருந்தோ வந்து கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தின. பொழுது சாயும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. வேலம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். லோகநாதனுக்காக இப்படி ஒரு நாள் யாரும் கூடி அழவில்லை. அழக் கூடாது, அழுதால் அபசகுனம். அவளும் வாய்விட்டு அழாமல் மூன்றரை வருஷம் இருந்துவிட்டாள். காகத்தின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இருட்டினதும் போய்க் கம்பத்துக் கயிற்றை அறுத்து அதைப் புதைத்தாள்.

மாசியில் துபாசி தானியேல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். திடலில் துணியெல்லாம் தடமாகக் கிடந்தது.

"இன்னா வேலம்மா, ஓட்டச் சொன்னா விருந்து வெச்சிக்கினு இருக்கியாம். சிப்பாய்ங்க சொல்றாங்க. துரை கத்தறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் போயிடறேன் ஐயா. போறதுக்கு முன்ன ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரப் பத்தி நெசமாவே கேட்டீங்களா?"

தானியேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கர்த்தர் சாட்சியா கேட்டேன். கப்பல் பத்தாவிக்குப் போய்ச் சேந்துச்சி. அங்கேருந்து ஏதோ தீவுக்குப் போச்சி. அதுக்கப்புறம் தெரியல. நம்ம ஆளுங்க பேரு கப்பல்காரங்க வாய்ல வர மாட்டேங்குது. பன்னெண்டு பேருன்றான். எந்தப் பன்னெண்டுனு கேட்டா முழிக்கிறான்."

அவள் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள். இனி முகத்துவாரம் தெரியாது, கப்பல் தெரியாது. குப்பத்தில் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போனாள். காகங்களுக்கு மட்டும் தினம் உச்சி வேளையில் ஒரு பங்கு வைத்தாள். "உனக்குப் பித்தா?" என்றார்கள் மற்றப் பெண்கள். கோணக்கால் காகம் அவள் மடிவரை வந்து, கையிலிருந்து எடுத்துத் தின்னப் பழகியிருந்தது. அதன் ஜோடி எப்போதும் பத்தடி தள்ளி உட்கார்ந்து காவல் காக்கும். ஒரு நாள்கூட ஒன்றை விட்டு ஒன்று வரவில்லை. அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

மறு வருஷம் பெரிய அமாவாசைக்கு முன் தினம் அவள் நாட்டாரிடம் போனாள். இன்னொரு தரம் இலை போட வேண்டும் என்றாள்.

"காக்கா போன வருசமே சொல்லிடுச்சே. நல்ல வாக்கு வந்தப்புறம் மறுபடி போய் எமனக் கூப்புடுவாங்களா?" நாட்டாருக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் இருக்கிறான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருஷம் முழுக்கப் பூபதி கடலுக்குப் போனான்.

அவள் தனியாகவே போனாள். உச்சி வெயில், கரையில் ஆள் இல்லை. இலையை விரித்துச் சோறு வைத்தாள், மடவை மீன் வைத்தாள். செம்பைக் கொண்டு வரவில்லை. "கா... கா..." என்று ஒரு தரம்தான் கூப்பிட்டாள்.

மரம் மொத்தமும் இறங்கியது. கோணக்கால் முன்னால், ஜோடி பின்னால், அதற்குப் பின்னால் நாற்பது ஐம்பது. இலையைச் சுற்றி அடித்துப் பிடித்துத் தின்றன. தினமும் வருகிற மாதிரியே வந்தன. தினமும் தின்கிற மாதிரியே தின்றன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் அவளுக்குப் பயந்து வரவில்லை, இந்த வருஷம் அவளை நம்பி வந்துவிட்டன. இனி எந்த அமாவாசைக்கு இலை போட்டாலும் காகம் அவளுக்குத்தான் பதில் சொல்லும், லோகநாதனுக்குச் சொல்லாது. ஒரு வருஷமாகக் குடலும் செவுளும் சுமந்து, கேட்பதற்கு இருந்த ஒரே வழியையும் அவளே அடைத்துவிட்டாள்.

பின்னால் யாரோ மண்ணில் பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. பூபதி. அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறான். மண்டி போட்டுக்கொண்டு இலையைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"சாப்ட்டிச்சி அண்ணி... அண்ணன் பூட்டாரு... அண்ணா!"

"அழாத பூபதி. எந்திரி."

"கண்ணால பாத்தனே!"

"அது உங்க அண்ணனுக்காவ வரல. எனக்காவ வந்துச்சி. தினம் நான் கூப்புட்டா வருது. இன்னிக்கும் வந்துச்சி."

அவனுக்குப் புரியவில்லை. "அப்ப போன வருசம்?"

"என் கையப் பாத்துப் பயந்துக்கினு வரல."

பூபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையும் காகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அண்ணன் கீறாரா, இல்லியா?"

"தெரியல" என்றாள் வேலம்மா. நாலு வருஷத்தில் அவள் வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் கண் நிறைந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

பூபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாம எதுக்கு அண்ணி சோறு வெச்ச? உசுரோட கீற மனுசனுக்குக் காக்காச் சோறு வெச்சா அவரு ஆயுசு இன்னாத்துக்கு ஆவும்?"

"வூட்ல இருந்தப்ப தினம் அவருக்கு நான்தான் சோறு வெச்சேன். ஆயுசு கொறைஞ்சிடுச்சா இன்னா? செத்திருந்தா நாலு வருசமா பட்டினி. உசுரோட இருந்தா, எந்தத் தீவுல எவன் கையப் பாத்துக்கினு நிக்கிறாரோ. காக்காக்கும் தெரியாது, கப்பல்காரனுக்கும் தெரியாது. அவருக்குப் பசிக்கும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் பூபதி. நான் தினம் வெப்பேன். அறுத்துக்கவும் மாட்டேன், வெக்காம இருக்கவும் மாட்டேன். நாட்டாருகிட்ட அப்டியே போய்ச் சொல்லு."

பூபதி எழுந்து வந்து, அவள் கொண்டுவந்த பானையில் மிச்சமிருந்த சோற்றை உருட்டி எடுத்தான். அவன் கை நீண்டதும் காகங்கள் விலகி எழும்பின. புது ஆள், பழகாத கை. பூவரச மரத்துக்கே போய்விட்டன.

"அப்டியே அசையாம நில்லு" என்றாள் வேலம்மா. அவள் கூப்பிட்டாள். கோணக்கால் மட்டும் இறங்கி வந்து இலை ஓரத்தில் நின்று, பூபதியின் முகத்தைப் பார்த்தது, அவன் வலது கையைப் பார்த்தது.

பூபதி உருண்டையை மெல்ல இலையில் வைத்தான். காகம் பயந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, "அண்ணா, சாப்டு" என்றான்.